அப்பா, ஃபியட், எட்டு டிகிரி

ஆபீஸில் எவ்வளவு ஆணி இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் செம்பூரில் எங்கள் பில்டிங் பார்க்கிங்கில் க்ரீஸ் கையோடு நிற்பேன். காரணம் 1984 மாடல் பிரீமியர் பத்மினி. நம்ம ஊர் ஆட்களுக்கு அது என்றைக்கும் ஃபியட்தான். தங்கமணி அதற்கு வைத்திருக்கும் பெயர் "மூத்த சம்சாரம்".

அந்த வண்டியை நான் வாங்கியதே அப்பாவுக்காகத்தான். திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டாண்டில் இருபது வருஷம் ஃபியட் டாக்சி ஓட்டியவர். டைமிங் வைக்க அவருக்கு மெஷின் எதுவும் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி "போதும்லே" என்பார். அம்மா போன பிறகு எங்களோடு மும்பையில் இருக்கிறார். பேச ஆளில்லை. வண்டி வந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

இன்ஜினை முழுசாகப் பிரித்து, போர் செய்து, புது பிஸ்டன் போட்டு வாங்கினோம். பாயிண்ட் கேப் சரிபார்த்தேன். (முதலில் கேப், அப்புறம்தான் டைமிங். கேப்பை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும்.) நண்பரிடம் டைமிங் லைட் இரவல் வாங்கி, புத்தகத்தில் சொன்ன டிகிரியில் நிறுத்தினேன். அடுத்த வாரமே குடும்பத்தோடு லோனாவலா கிளம்பியாச்சு.

கோபோலி தாண்டி காட் ஏற ஆரம்பித்ததும் சத்தம் வந்தது. தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி, கிணிகிணிகிணி. ஸ்பார்க் ரொம்ப சீக்கிரம் வருகிறது என்று அர்த்தம். பிஸ்டன் மேலே வரும்போதே அழுத்தம் எகிறி, மிச்சமிருக்கும் பெட்ரோல் தானாக வெடிக்கிறது. இப்படியே ஓட்டினால் புது பிஸ்டனில் ஓட்டை விழும்.

முன் சீட்டில் அப்பா. "பாத்தியாலே, எப்படி சுகமா ஏறுது!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு தெரு தள்ளி வருவது யார் வண்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லும் மனுஷன் அவர். நான் ஒன்றும் சொல்லாமல் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மறு ஞாயிறு திரும்பவும் லைட் அடித்துப் பார்த்தால் டைமிங் அச்சு அசலாகப் புத்தகப்படி இருக்கிறது! அப்போதுதான் உறைத்தது. புல்லி பழசு விரிசல் விட்டதால், வேலை பார்த்தவர்கள் குர்லா பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். அதிலிருக்கும் கோடு இந்த இன்ஜினுக்குச் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது?

சோதிப்பது சுலபம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அதில் நீளமான போல்ட் மாட்டினேன். எல்லா பிளக்கையும் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, இதை மாட்டினேன். கையால் மெதுவாக இன்ஜினைச் சுற்றினால் பிஸ்டன் போல்டில் முட்டி நிற்கும். புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு. எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும். இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுதான் பிஸ்டன் உச்சியில் நிற்கும் உண்மையான இடம்.

புல்லியின் சுற்றளவு 36 செ.மீ. அதாவது ஒரு மி.மீ. ஒரு டிகிரி. பழைய கோடு 8 மி.மீ. தள்ளி இருந்தது. நான் சரி என்று நினைத்தது எட்டு டிகிரி முன்கூட்டி!

புது கோட்டை வெள்ளை பெயின்டால் போட்டேன். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டேன். "அப்பா, நீங்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்க, நான் லைட் பிடிக்கிறேன்."

வழக்கம்போல காதைச் சாய்த்தார். திருப்பினார். நிறுத்தினார். இன்னும் இரண்டு டிகிரி பாக்கி. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு டிகிரி நகர்த்தினால் போதும், புல்லியில் இரண்டாகிவிடும்.

"இன்னும் கொஞ்சம்பா."

பதில் இல்லை. மறுபடி சொன்னேன்.

"காதுல விழலைலே. கையக் காட்டு."

கை காட்டினேன். திருப்பினார். கோடு பாயிண்டருக்கு நேரே வந்து நின்றது. போல்டை டைட் பண்ணி, இன்னொரு தடவை லைட் அடித்தோம். (டைட் செய்யும்போது லேசாக நகரும், மறக்காமல் பாருங்கள்.)

அடுத்த வாரம் அதே காட். மூன்றாவது கியரில் சத்தமே இல்லாமல் ஏறியது. பாதியில் அப்பா கேட்டார், "இப்போ சத்தம் வருதா?"

"இல்லப்பா."

"போன தடவ வந்துச்சோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்துச்சுப்பா" என்றேன்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

வரும் புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்: ஃபியட்டில்தான் போகணுமாம் :-)