குறைவு என்றால் கழிக்க வேண்டுமா?

போன மாதம் என் மகள் ஒரு முடிவோடு வந்தாள். "அப்பா, இவளுக்குக் கணக்கு வரவே மாட்டேங்குது. டியூஷன்ல சேர்த்துடலாம்னு இருக்கேன்." பேத்தி ஐந்தாம் வகுப்பு. பக்கத்தில் நின்று கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைத் தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. சிவப்பு மை இருந்தது வாக்கியக் கணக்குகளில் மட்டும். ஒரு கடைக்காரர் திங்கட்கிழமை 35 மீட்டர் துணி விற்றார்; அது செவ்வாய்க்கிழமை விற்றதைவிட 15 மீட்டர் குறைவு; செவ்வாய்க்கிழமை விற்றது எவ்வளவு? இவள் 20 என்று எழுதியிருந்தாள்.

"ஏன் கண்ணு கழிச்சே?"

"'லெஸ்'னு இருக்கே தாத்தா. லெஸ்னா மைனஸ். கிளாஸ்ல சார்ட்டே ஒட்டியிருக்காங்க."

எனக்கு அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெஞ்சு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த சமயம், நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மளிகைக்கடைக்காரர் மகன். சாயங்காலம் கடையில் அப்பாவோடு நிற்பான். ஒன்றேகால் வீசை புளி என்ன விலை என்று கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வரும். ஆனால் பிரெஞ்சில் அதே கணக்கைக் கொடுத்தால் விழிப்பான். எனக்கு நேர் எதிர். வீட்டில் அப்பா பிரெஞ்சு படிப்பார் என்பதால் வாசிப்பு தடையில்லாமல் வரும், கணக்கு உதைக்கும். ஆகவே எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். நான் படித்துத் தமிழில் கதையாகச் சொல்வேன், அவன் காதில் விடையைச் சொல்வான். மிசியே கண்டுபிடிக்கவே இல்லை.

பிரெஞ்சில் எண்களே ஒரு கணக்குதான். 97 என்று சொல்ல நான்கு இருபது, பத்து, ஏழு என்று சொல்ல வேண்டும். அதையெல்லாம் அவன் சமாளித்துவிட்டான். அவனைக் கவிழ்த்தது 'முவேன்' என்ற சின்னச் சொல். கழித்தல் குறிக்கும் அதுதான் பெயர், 'அதைவிடக் குறைவு' என்பதற்கும் அதுதான். முவேனைக் கண்டால் கழி என்று எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். இப்போது சார்ட் ஒட்டுகிறார்கள், அப்போது பிரம்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செர்த்திபிக்கா பரீட்சையில் எங்களை வேறு வேறு வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் தட்டுத்தடுமாறிப் பாஸ். அவன் பெயில். "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக் கடையிலேயே நிறுத்திக்கொண்டார் அவன் அப்பா. கணக்கு வராதாம், அவனுக்கு! தினமும் அவனுக்குக் கதை சொன்னேனே தவிர, எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் என் காதுக்கு விடை வந்திருக்காது. பன்னிரண்டு வயதில் இதை யோசித்தேனா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் குமாஸ்தா ஆனேன். அங்கே எனக்கு வேறு விதமாக உதை கிடைத்தது. பிரெஞ்சில் புள்ளிக்குப் பதில் கமா போடுவோம். 2,500 என்றால் எங்களுக்கு இரண்டரை. ஆபீஸில் அது இரண்டாயிரத்து ஐந்நூறு. முதல் மாதமே பழக்க தோஷத்தில் ஒரு ஸ்டேட்மெண்டில் அப்படி எழுதிச் சூப்பரின்டெண்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிரான்சில் 1980 வாக்கில் கிரெனோபிளில் கணித ஆசிரியர்கள் குழு ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்தது. கப்பலில் 26 செம்மறி, 10 வெள்ளாடு. கப்பல் தலைவனுக்கு வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அத்தனை பேரும் கூட்டத் தெரிந்தவர்கள்தான்!

பேத்தியிடம் திரும்பி வருகிறேன். கணக்கில் இருந்த இரண்டு எண்களின் மேலும் புளியங்கொட்டை வைத்து மூடினேன். "இப்போ கதையை மட்டும் சொல்லு. எந்த நாள் அதிகமா வித்தார்?" இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை உதடு அசையப் படித்தாள். "செவ்வாய்க்கிழமை தாத்தா." "அப்படின்னா பதில் 35-க்கு மேலயா கீழயா?" கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு இரண்டு கோடு போடச் சொன்னேன், திங்களுக்குச் சின்னது, செவ்வாய்க்குப் பெரியது. கொட்டையை அவளே எடுத்தாள். "அய்யோ, 50!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டியூஷனை ஒத்திப் போட்டிருக்கிறோம். மகளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

நண்பன் போய் எட்டு வருஷம் ஆகிறது. கடைசிவரை அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வான். பாதி படிக்கும்போதே வட்டித் தொகையைச் சொல்லிவிடுவான். பழைய பெஞ்சைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

நேற்று ஒரு ரயில் கணக்கில் பேத்திக்கு மறுபடி தப்பு. கதையைச் சரியாகச் சொன்னாள், கோடும் சரியாகப் போட்டாள். கூட்டலில் கோட்டை விட்டிருந்தாள்.