அண்ணாச்சியிடம் சொன்ன பொய்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூபா கடை நடத்தும் ஒரு தூத்துக்குடி அண்ணாச்சியின் நேரத்தையும் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு, காசை மட்டும் முகம் தெரியாத ஒரு ஆன்லைன் வியாபாரிக்குக் கொடுத்தவன் நான். அதை மறைக்க அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அதற்கு முன்பே, வேறு சிலரையும் அதே வழியில் போகச் சொல்லியிருந்தேன். இந்த மூன்றில் கடைசித் தவறுதான் பெரியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அண்ணனூரில். வேலையும் இங்கேதான், கார் ஷெட்டில். கடற்கரைக்கும் சென்ட்ரலுக்கும் ஓடும் மின்சார ரயில்கள் பராமரிப்புக்கு வந்து நிற்கும் இடம். பிரேக் வால்வைக் கழற்றி, ரப்பரும் ஸ்பிரிங்கும் மாற்றி, மறுபடி பூட்டி, பெஞ்சில் ஏற்றிக் காற்றழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது என் தொழில். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் ஏரிதான்: அயப்பாக்கம், அம்பத்தூர், பருத்திப்பட்டு. ஆவடிப் பக்கத்துக்காரனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். அந்தமானில், ஹேவ்லாக் என்று இருந்து 2018-ல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவில், ஒரு பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். தண்ணீருக்குள் நான் விட்ட முதல் மூச்சின் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பயிற்சி கொடுக்கும் இடம் தேடினேன். அப்படித்தான் அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவருடைய அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். இவர் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை சின்னது. பின்னால் கம்ப்ரஸர், முன்னால் ஒரு சுவர் நிறைய மாஸ்க்குகள், கண்ணாடி அலமாரியில் ரெகுலேட்டர்கள். நான் போன முதல் நாளே அந்தச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்தில் வைத்துப் பார்த்தார்.

“வாரை மாட்டாதீங்க தம்பி. சும்மா முகத்துல வச்சு மூக்கால லேசா மூச்ச இழுங்க. இப்ப கைய எடுங்க.”

விழுந்தது. அடுத்தது. அதுவும் விழுந்தது. என் மீசையைப் பார்த்தார், கன்ன எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தார், உள்ளே போய் ஒரு பெட்டியைப் பிரித்து வேறொன்று கொண்டுவந்தார். அது கையை எடுத்த பிறகும் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. “இதுதான் உங்களுது” என்றார். மீசையின் மேல் விளிம்பை மட்டும் கொஞ்சம் மழித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்றார். பிறகு துடுப்புக் காலணி, மிதவை ஜாக்கெட், ரெகுலேட்டர். எந்த மாடல் எனக்குப் போதும், எது வீண் செலவு, இந்தப் பக்கத்து சிலிண்டர்களின் வாயில் எந்த வகை இணைப்பு பொருந்தும் என்று ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து சொன்னார். கைவிளக்கையும் வலைப்பையையும் காட்டி, “இதெல்லாம் ஆன்லைன்லயே எடுத்துக்கோங்க, நம்மகிட்ட விலை கூட” என்றும் அவரே சொன்னார்.

நான் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். மாடல் பெயர், அளவு, நிறம் உட்பட. “சம்பளம் வந்ததும் வர்றேண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே வாரம், அண்ணனூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் ஆன்லைனில் வாங்கினேன்.

மிச்சமான பணம் என் மாதச் சம்பளத்தில் கால்வாசி இருக்கும். அந்தக் கால்வாசி எங்கே போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தச் சாதனங்களில் பெயர்பெற்றவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். மாரெஸ், கிரெஸ்ஸி இரண்டும் இத்தாலி. முறையாக இறக்குமதி செய்பவர் சுங்கவரியும் ஜிஎஸ்டியும் கட்டித்தான் கடையில் வைக்கிறார். கடை வாடகை பன்னிரண்டு மாதமும் உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து கடல் கலங்கினால் தண்ணீருக்குள் தன் கையே தெரியாது, அப்போது யாரும் வரமாட்டார்கள். கம்ப்ரஸரின் வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எண்ணெய்ப் புகை கலந்த காற்று சிலிண்டருக்குள் போய்விடும். சிலிண்டர்களைச் சட்டப்படி நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று 2016-ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள் இருக்கின்றன, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு துறையே அதைக் கவனிக்கிறது. ஆன்லைன் வியாபாரிக்கு இதில் எந்தச் செலவும் கிடையாது. மாஸ்க்கும் ரெகுலேட்டரும் கூரியரில் வரும், காற்று வராது. அதற்கு அண்ணாச்சியிடம்தான் போயாக வேண்டும். போனேன், அவர் காற்றடைத்த சிலிண்டரில் நான் வெளியில் வாங்கிய ரெகுலேட்டரை மாட்டினேன்.

“புதுசா இருக்கே, எங்க எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“சிங்கப்பூர்ல மச்சான் இருக்கார்ணாச்சி. பரிசா வாங்கி அனுப்பிட்டார்” என்றேன். எனக்குச் சிங்கப்பூரில் மச்சான் யாரும் இல்லை.

“அப்படியா, நல்ல மச்சான்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

என் தொழிலைத் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நீயா இப்படி வாங்கினாய்? பிரேக் வால்வுக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க வேண்டுமென்றாலும், லக்னோவில் இருக்கும் ரயில்வே தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. அங்கீகரித்த கம்பெனியின் சரக்குதானா என்று பார்ப்பவர்கள் நாங்கள். வெளிச்சந்தையில் அதே அளவில், அதே கறுப்பில், பாதி விலைக்கு வளையம் கிடைக்கும். தொடமாட்டோம். எங்கள் பிரேக் பைப்பில் இருப்பது 5 கிலோ அழுத்தம். ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது 200. அதை முதல் கட்டத்தில் சுமார் 10-க்கு இறக்கி, இரண்டாம் கட்டத்தில் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து, நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். 1943-ல் பிரான்சில் எமில் காக்னான் என்ற எஞ்சினியரும் ஜாக் கூஸ்தோவும் இதை உருவாக்கியபோது, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் காக்னான் செய்திருந்த ஒரு வால்விலிருந்துதான் தொடங்கினார்கள். ஸ்பிரிங், சவ்வு, சீட், வளையம் என்று எல்லாம் என் கைக்குப் பழகிய சாமான்கள். பயணிகள் உயிருக்கு நான் காட்டும் கவனத்தை என் உயிருக்குக் காட்டவில்லை. தெரியாமல் ஏமாந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ரெகுலேட்டரை வருடத்துக்கு ஒரு முறையாவது சர்வீஸ் பார்க்க வேண்டும். உப்பு படிந்து வளையங்கள் தேயும். முதல் சர்வீஸுக்கு அண்ணாச்சியிடமே கொண்டுபோனேன். வேறு யாரிடம் போக? மேசையில் துணி விரித்து வைத்தார். சிலிண்டரில் மாட்டி, ஜாக்கெட்டுக்குப் போகும் குழாயின் நுனியில் சின்ன மீட்டர் ஒன்றைப் பொருத்தி வால்வைத் திறந்தார். முள் ஒன்பதரையில் வந்து நின்றது. வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்து விட்டார். முள் இறங்கி மறுபடி ஒன்பதரைக்கு வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஒன்பதேமுக்கால், பத்து, பத்தரை என்று மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. சீட் மூடவில்லை, உயர் அழுத்தம் உள்ளே கசிகிறது. எங்கள் பெஞ்சில் ஒரு வால்வு இப்படிக் காட்டினால் வண்டியில் ஏற்றமாட்டோம். தண்ணீருக்கடியில் இது முற்றினால் இரண்டாம் கட்டம் தாங்காமல் காற்று தானாகப் பீறிட்டு வெளியேறும். 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 2.8 மடங்கு, காற்றும் அந்தக் கணக்கில் கரையும். சிலிண்டர் காலியாகச் சில நிமிடங்கள் போதும்.

உதிரிபாகம் கேட்டு விநியோகஸ்தருக்குப் போன் போட்டார். சீரியல் நம்பர் கேட்டார்கள். என் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் இருக்க வேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. நல்ல கம்பெனிகள் அங்கீகாரம் பெற்ற கடைகள் வழியாகத்தான் உதிரிபாகம் கொடுக்கும், வேறு வழியில் கைமாறிய சரக்குக்கு உத்தரவாதமும் கிடையாது. சரக்கு அசலா போலியா என்பதையே அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“மச்சான்கிட்ட பில் இருந்தா வாங்கி அனுப்பச் சொல்லுங்க தம்பி. கடைக்காரன் மாத்திக் கொடுத்தாலும் கொடுப்பான். அதுவரைக்கும் இத தண்ணியில எறக்காதீங்க.” அலமாரியிலிருந்து தன் வாடகை ரெகுலேட்டரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு வாடகையும் வாங்கவில்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இனி அந்தக் கடைசித் தவறு. மாஸ்க்கும் ரெகுலேட்டரும் வாங்கிய புதிதில், எங்களோடு டைவிங் வரும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். அண்ணாச்சி கடையில் என்ன மாடல், என்ன விலை, ஆன்லைனில் எங்கே, எவ்வளவு குறைவு என்று வரிசையாக. “கடையில் போட்டுப் பாருங்கள், இங்கே வாங்குங்கள்” என்று மேலே எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். பெருமையாக இருந்தது. பட்டியல் அந்தக் குழுவைத் தாண்டிப் போனதும் எனக்குத் தெரியும், அதிலும் பெருமைதான்.

அடுத்த பருவத்தில் அண்ணாச்சி கடைச் சுவரில் மாஸ்க் இல்லை, வெறும் ஆணிகள்தான் இருந்தன. வாடகைக்கு இரண்டு அளவு மட்டும் வைத்திருந்தார். “பாக்கறவங்க எல்லாம் பாத்துட்டுப் போயிடறாங்க தம்பி. முதல முடக்கிப் போட்டு என்ன செய்ய?” என்றார். என் ஒருவனால் அந்தச் சுவர் காலியாகவில்லை. ஆனால் அதில் என் பங்கு இருக்கிறது, அது சிறியதும் இல்லை.

அந்தப் பருவத்தில்தான் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்தார். சிறிய முகம், ஒடுங்கிய கன்னம். போட்டுப் பார்க்கக் கடையில் மாஸ்க் இல்லாததால் படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கியிருந்தார். நீச்சல் குளத்தில் சமாளித்துவிட்டார். கடலில் இறங்கிய சிறிது நேரத்திலேயே மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறி, மூக்கில் போய், பயந்து மேலே துடித்து வந்தார். அதிக ஆழமில்லை, பயிற்சியாளர் கூடவே வந்து பிடித்துக்கொண்டார், ஆபத்தில்லை. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வேகமாக வருவதுதான் நுரையீரலைக் கிழிக்கும் என்று வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். படகில் உட்கார்ந்து உடம்பு நடுங்க இருமிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், என் முகத்துக்கு அண்ணாச்சி தேடி எடுத்துக் கொடுத்த அளவு மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தப் பெண் அதன்பின் டைவிங் பக்கம் வரவில்லை.

கடைக்காரர்கள் மேல் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சரக்கு குறைவு, புது மாடல் வரத் தாமதமாகும், சில கடைகளில் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். பேரம் பேசலாம், “ஆன்லைனில் இந்த விலை இருக்கிறது, எவ்வளவு குறைப்பீர்கள்” என்று நேராகக் கேட்கலாம். கேட்டிருந்தால் அண்ணாச்சி கொஞ்சமாவது குறைத்திருப்பார். நான் கேட்கவே இல்லை. கேட்டால் அவர் கடையில் வாங்க வேண்டி வருமே என்பதால் கேட்கவில்லை.

போன வாரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் கதை, பட்டியல், எல்லாம். குழாய்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டார். நான் கொண்டுபோயிருந்த பணத்தைத் தொடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “அந்த லிஸ்ட பாத்து ரெகுலேட்டர் வாங்கினது யார் யாரு?”

என்னிடம் முழு விவரம் இல்லை. தெரிந்தவர்களிடம் நேரில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். என் பட்டியலைப் பார்த்து ரெகுலேட்டர் வாங்கியிருந்தால் முதல் கட்டத்தின் உடம்பில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றாலும் சுரண்டியிருந்தாலும் அதைக் கடலில் இறக்காதீர்கள். நம்பர் இருந்தாலும், அடுத்த டைவுக்கு முன் சர்வீஸ் தெரிந்த கடையில் கொடுத்து, மீட்டர் வைத்து, முள் நிற்கிறதா ஏறுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதற்கு ஆகும் கூலியை நான் தருகிறேன். அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி கார் ஷெட் வாசலில் பிரேக் பிரிவு என்று கேட்டால் போதும், நான் அங்கேதான் இருப்பேன்.