அப்போதெல்லாம் போகும்

ஜூன் 8, கொல்லங்கோடு

அண்ணன் மகள் ஸ்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள். துணைக்கு நானும் படிக்கிறேன். இன்றைய பாடம் ‘இர்’ என்ற வினை. போதல் என்று பொருள். அதன் முடிவுறா இறந்தகாலத்தை இருவரும் உரக்கச் சொல்லிப் பார்த்தோம்: யோ ஈபா, தூ ஈபாஸ், எல் ஈபா, நோசோத்ரோஸ் ஈபமோஸ், வோசோத்ரோஸ் ஈபாய்ஸ், எயோஸ் ஈபான்.

இந்தக் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைகள் ஸ்பானியத்தில் மூன்றுதான்: போதல், இருத்தல், பார்த்தல். மற்றவை இரண்டு அச்சுகளில் அடங்கிவிடும். ‘ஆர்’ என்று முடிபவை ‘ஆபா’ ஏற்கும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவை ‘ஈயா’ ஏற்கும். லத்தீனில் இரு வகைக்கும் இருந்த பகர ஓசை இரண்டாம் வகையில் தேய்ந்து மறைந்துவிட்டது. ‘ஈபா’ மட்டும் அதை விடாமல் வைத்திருக்கிறது.

வாய்பாடு சீக்கிரம் மனதில் நின்றுவிட்டது. அவள் கேட்ட கேள்விதான் பெரியது. “போனேன்னு சொல்ல ‘ஃபுயி’ இருக்கே அத்தை, அப்புறம் ‘ஈபா’ எதுக்கு?”

ஜூன் 9, மீனாட்சிபுரம்

ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். “மீட்டர் கேஜ் இருந்தப்ப பழனிக்கு இதுலதாம்மா போவோம். ராமேஸ்வரத்துக்கே நேரா போகும். அப்புறம் அகலப்பாதை போடறோம்னு நிறுத்திட்டாங்க.” பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை 2008 இறுதியில் மூடப்பட்டு 2015இல்தான் திறந்தது.

அவள் கேள்விக்கு விடை இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ‘போவோம்’, ‘போகும்’ இரண்டையும் பள்ளி இலக்கணம் எதிர்காலம் என்று கற்பிக்கிறது. ஆனால் அவர் நாளைய பயணத்தைச் சொல்கிறார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். எத்தனை முறை என்று எண்ணாமல், எப்போது முடிந்தது என்று சொல்லாமல், வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழ் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறது. ‘ஈபமோஸ்’ உட்காருவது ‘போவோம்’ இருக்கும் இடத்தில். ‘நிறுத்திட்டாங்க’ என்பதோ ஒருநாள் நடந்து முடிந்த செயல், ‘ஃபுயி’யின் இனம்.

ஜூன் 10, கொழிஞ்சாம்பாறை

இங்கே ஒரே கடை வாசலில் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும். ‘போகுமாயிருன்னு’ என்கிறது மலையாளம். வழக்கமும் இறந்தகாலமும் அந்த ஒரு சொல்லுக்குள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நானா, நீயா, அவரா என்று வினை சொல்லாது. தமிழில் போவேன், போவாய், போவாள் என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஸ்பானியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ‘ஈபாஸ்’ என்றால் நீ, ‘ஈபான்’ என்றால் அவர்கள். ‘ஈபா’ மட்டும் நானாகவும் இருக்கலாம், அவனாகவோ அவளாகவோ இருக்கலாம். ஐயம் வரும் இடத்தில் பெயரைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இரு மொழியும் கேட்டு வளர்ந்த எல்லைப்புறப் பிள்ளைக்கு இது புரியச் சிரமமே இல்லை.

ஜூன் 12, மறையூர்

உடுமலையிலிருந்து சின்னார் வழியாகப் பேருந்தில் வந்தோம். வழியில் யானை ஒன்று சாலையைக் கடந்தது. இரவு அவளை அதையே எழுதச் சொன்னேன். ‘காட்டு வழியே போய்க்கொண்டிருந்தோம்’ என்பதற்கு ‘ஈபமோஸ்’. யானை ‘கடந்தது’ என்பதற்கு ‘க்ருஸோ’ என்ற முடிந்த காலம். தமிழில் ‘போவோம்’, ‘போய்க்கொண்டிருந்தோம்’ என்று பிரிந்து நிற்கும் இரண்டையும் ஸ்பானியம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. மணி, வயது, வானிலை போன்ற பின்னணிக்கும் இதே காலம்தான். ‘மணி ஐந்தாக இருந்தது’ என்பது ‘ஏரான் லாஸ் சின்கோ’. அங்கே நம் ‘இருந்தது’ துணைக்கு வரும், ‘போகும்’ வராது. ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தி மனப்பாடம் செய்யக்கூடாது என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன்.

ஜூன் 14, மூணாறு

தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தோம். “எங்க தாத்தா சொல்லுவாரு கண்ணு. ரயிலு தேயிலப் பெட்டிய ஏத்திக்கிட்டு டாப் ஸ்டேஷன் போகுமாம். அங்கருந்து கம்பிக் கயித்துல கோட்டகுடிக்கு இறங்குமாம். தொண்ணூத்தொம்பது வெள்ளம் எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருச்சாம்.”

குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைத்தான் சொன்னார். 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகலப் பாதையானது. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில், வந்த பெருவெள்ளத்தில் அழிந்தது. அதன்பின் அது திரும்ப ஓடவே இல்லை.

அவள் உடனே எழுதினாள்: ‘எல் த்ரென் ஈபா அ டாப் ஸ்டேஷன்.’ அடுத்த வரி: ‘லா இனுந்தாசியோன் தெஸ்த்ருயோ லா லீனெயா.’ ரயில் போகும். வெள்ளம் பாதையை அழித்தது. முதல் வரியை முடிந்த காலத்தில் எழுதினால் அந்த ரயில் ஒரே ஒருமுறை போனதாகிவிடும். மலையில் பெட்டி சுமந்தவர்களின் அன்றாடமெல்லாம் அந்த ஒரு வினை வடிவத்தில்தான் நிற்கிறது.

ஜூன் 15, டாப் ஸ்டேஷன்

இது தேனி மாவட்டம். மூணாற்றிலிருந்து வரும்போதே மாநிலம் மாறிவிடுகிறது. கீழே கோட்டகுடிப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. “மழ பெய்யப் போகுது அத்தை,” என்றாள். அதைச் சொல்ல ஸ்பானியமும் ‘போ’ வினையைத்தான் அழைக்கிறது: ‘வா அ யோவேர்’. ‘பெய்யப் பார்த்தது, பெய்யவில்லை’ என்பதற்கு ‘ஈபா அ யோவேர்’. கடல்கள் தாண்டிய இரு மொழிகள் ஒரே வினையை ஒரே வேலைக்கு வைத்திருப்பது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது.

அவளுக்கு ஒரு சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாக்கியத்தில் ‘அப்போதெல்லாம்’ பொருந்துகிறதா, ‘கொண்டிருந்த’ பொருந்துகிறதா, பின்னணியைச் சொல்கிறதா என்று பார். ஒன்று பொருந்தினாலும் ‘ஈபா’. ‘அன்றைக்கு ஒருமுறை’ மட்டுமே பொருந்தினால் ‘ஃபுயி’.

அந்நிய மொழியை ஆங்கில விளக்கத்தின் வழியாகத்தான் படிக்க முடியும் என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ரயிலடிப் பெரியவரும் லயத்துப் பாட்டியும் இந்தக் காலத்தைப் பிசகாமல் ஆளுகிறார்கள். முதலில் அவர்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கட்டும். வாய்பாட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.