கோயில் வாசலில் மூன்று கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்த நம்மை, கோயில் வாசலில் ஒரு முதியவர் மறித்தார். தோளிலே ஒரு துணிமூட்டை; கையிலே ஒரு தகரப்பேணி. "ஐயா, ஒரு தேத்தண்ணி குடிக்க ஏதும் தாருங்கோ" என்றார்.

நாம் ஆசிரியர்கள், கேள்வி கேட்டே பழகியவர்கள். "எந்த ஊர், அப்பு? பிள்ளைகள் இல்லையோ? ஏதும் வேலை செய்து பிழைக்கக் கூடாதோ?" என்றோம். முதியவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்தார். "நான் ஒண்டுதானே ஐயா கேட்டனான். நீங்கள் மூண்டெல்லோ கேட்டுப்போட்டியள்" என்று சொல்லி, மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார். சட்டைப்பைக்குள் சென்ற நம் கை அங்கேயே நின்றுவிட்டது.

அன்று பூசையில் வாசிக்கப்பட்டது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம். பசித்தவனுக்கு உணவும், தாகமுற்றவனுக்கு நீரும், அந்நியனுக்கு இருப்பிடமும் அளித்தவர்கள், தாம் அறியாமலேயே கிறிஸ்துவுக்கு அவற்றை அளித்தார்கள் என்று கூறும் பகுதி அது. அங்கும் ஒரு விசாரணை நடைபெறுகின்றது. ஆயின், விசாரிக்கப்படுபவன் கை நீட்டியவன் அல்லன், அக்கையைக் கண்டவன். பசித்தவனின் ஊரையோ, ஒழுக்கத்தையோ, உழைக்கும் வலிமையையோ அங்கு எவரும் வினவவில்லை.

அவ்வாறாயின் நமது கேள்விகள் எங்கிருந்து வந்தன? 1840ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியாளர் இலங்கையிலே ஒரு காணிச் சட்டத்தை இயற்றினர். உறுதி காட்டமுடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொள்ள அது வழிவகுத்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. மறு ஆண்டிலேயே, 1841இல், அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. உழைக்க வல்லவனாயிருந்தும் தெருவில் நின்று இரப்பவன் அதன்படி குற்றவாளி. சமய நேர்த்தியை நிறைவேற்றும் குருமாருக்கும் யாத்திரிகருக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. கடவுளின் பெயரால் கையேந்தலாம். பசியின் பெயரால் ஏந்தலாகாது! நமது மூன்றாவது கேள்வி நற்செய்தியிலிருந்து வந்ததன்று. இச்சட்டத்தின் மனப்பாங்கிலிருந்தே வந்தது.

கிறிஸ்தவத்துக்கு வேறொரு மரபும் உண்டு. நான்காம் நூற்றாண்டில், கப்பதோக்கியாவின் செசரேயா நகரைப் பஞ்சம் வாட்டியபோது, விலையேற்றத்தை எதிர்பார்த்துத் தானியத்தைப் பூட்டி வைத்திருந்த செல்வரைப் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார் குருவாயிருந்த பசிலியார். மிகுதியாகச் சேர்த்துவைத்தது ஏழைக்கு உரியது என்பதே அவர் போதனையின் சாரம். ஆயரான பின்னர், நகரின் புறத்தே வறியோருக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளருக்கும் இல்லங்கள் அமைத்தார்.

நமக்கு அண்மிய காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பொருளாதார மந்தம் அமெரிக்காவிலே கோடிக்கு மேற்பட்டோரை வேலையற்றோராக்கிய வேளையில், 1933ஆம் ஆண்டு மே தினத்தன்று, நியூயோர்க் நகரில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்னும் பத்திரிகை ஒரு சதத்துக்கு விற்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டொறதி டே, முன்னர் சோசலிசப் பத்திரிகைகளில் எழுதியவர், பின்னர் கத்தோலிக்கரானவர். அவ்வியக்கத்தின் விருந்தோம்பல் இல்லங்களிலே வீடற்றவர்கள் உணவும் படுக்கையும் பெற்றார்கள்; அவர்களுக்கு அங்கு விருந்தினர் என்றே பெயர். அவரும் அவர்களுடன் அதே கூரையின் கீழ் வாழ்ந்தார். 1973இல், தமது 75ஆம் வயதில், கலிபோர்ணியாவில் வேலைநிறுத்தம் செய்த பண்ணைத் தொழிலாளருடன் நின்று சிறையும் சென்றார்.

பிச்சையிடுவது சுரண்டலுக்கு முட்டுக்கொடுப்பதாகும் என்று நம் முற்போக்கு நண்பர் சிலர் கூறுவர். நாமும் மேடைகளில் அவ்வாறு பேசியதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. நாணயத்தைப் போட்டுவிட்டு, வறுமையின் காரணத்தைக் கேளாது வீடு செல்லும் இரக்கம் பணக்காரனின் நித்திரைக்குத்தான் உதவும். ஆயினும், சமுதாயம் மாறும்வரை இன்றைய பசி காத்திராது. கொள்கையைக் காட்டிக் கையை மூடிக்கொள்பவனும், சட்டத்தைக் காட்டி மூடிக்கொள்பவனும் பசித்தவன் கண்ணுக்கு ஒருவனே. உணவளித்த கையே தொழிலாளரின் போராட்டத்திலும் இணைந்ததை டொறதி டேயின் வாழ்வில் காண்கிறோம்.

நமது கேள்விகள் தவறானவை அல்ல. கேட்கப்பட்ட இடமே தவறு. ஒருவர் தம் ஊரை இழந்தது எவ்வாறு? முதுமையில் அவரைத் தாங்க எவருமின்றிப் போனது ஏன்? உழைத்து ஓய்ந்த உடலுக்கு இந்நாடு என்ன வைத்திருக்கின்றது? இவற்றை நிலமுடையோரிடமும் ஆள்வோரிடமும் உரத்துக் கேட்க வேண்டும். முதியவரிடம் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: "அப்பு, தேத்தண்ணியோடு சாப்பிடவும் ஏதும் வேணுமோ?"

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவரைத் தேடினோம், காணவில்லை. வாசலில் வேறு சிலர் நிற்கின்றனர். அவர்களிடம் நாம் இப்போது கேள்வி கேட்பதில்லை. ஆயினும், கேட்கவேண்டிய இடத்தில் கேட்கத் தொடங்கிவிட்டோமா என்பதற்கு நாமே விடையிறுக்க வேண்டியிருக்கின்றது.