கயிறு பிடிக்க ஒரு மச்சான் வேண்டும்!

புதுகைக்கும் புதுவைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அச்சுக் கோர்ப்பவர் கொஞ்சம் அசந்தால் புதுக்கோட்டைக் கல்யாணம் புதுச்சேரியில் நடந்து விடும். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள்... தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், கடலூர் என்று ஒரு முழு ராத்திரி கழுத்து சுளுக்கிக் கொள்ளும். அந்த ஓர் எழுத்தைத் தாண்ட எனக்கு முப்பத்து நாலு வயசு ஆகி விட்டது.

காரணம், ஒரு கிணறு.

ஒன்பதாம் கிளாஸ் லீவில், அன்னவாசல் பக்கம் ஒரு வயல் கிணற்றில் ஐந்து பேர் குதித்தோம். நாலு பேர் ஏறினோம். ஏறினவுடன், சாயங்காலம் பரோட்டா யார் செலவு என்று சண்டை. தலையைத் துவட்டி, சட்டையைப் போட்டு, சண்டை உச்சத்துக்குப் போன நேரம்... மோட்டார் போட வந்த கிணற்றுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "அடப் பாவிகளா, கை ஆடுதுடா!" என்று கட்டின வேட்டியோடு குதித்தார். அஞ்சாவது ஆளைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி வந்து, குப்புறப் போட்டு, முதுகில் தட்டி... பிழைத்து விட்டான். எங்கள் நாலு பேருக்கும் நீச்சல் நன்றாகவே தெரியும். அஞ்சு வரை எண்ணத்தான் தெரியவில்லை.

அன்றோடு எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு, பக்கெட், சொம்பு என்று சுருங்கிப் போனது.

அப்புறம் எப்படி ஸ்கூபா? எல்லாம் ஒரு கல்யாணத்தால் வந்த வினை. 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில், சுமார் அறுபதடி ஆழத்தில், ஒரு ஜோடி முதுகில் சிலிண்டர் மாட்டிக் கொண்டு மாலை மாற்றிக் கொண்டது. பேப்பரில் போட்டோ வந்தது. 'கல்யாணமே பண்ணிக் கொள்கிறார்கள், நாம் எட்டிப் பார்த்து விட்டாவது வரக் கூடாதா?' என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. பி.காம். முடித்து அரிசி மில்லுக்குக் கணக்கு எழுதிக் கொண்டே பத்திரிகைக்கும் எழுதுகிற ஆசாமி நான். அரிப்பு வந்தால் சும்மா இருக்க மாட்டேன்.

'புதுவை எதற்கு? நம் மாவட்டத்திலேயே கடல் இருக்கிறதே' என்றுதான் முதலில் நினைத்தேன். தொண்டைமான் சமஸ்தானம், சித்தன்னவாசல் ஓவியம், முட்டை மாஸ் என்று புதுக்கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடலை மறந்து விடுகிறார்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று சுமார் நாற்பது கிலோமீட்டர் கடற்கரை நமக்கு உண்டு. அது போதாதென்று, நார்த்தாமலையில் மேலமலைச் சுனைக்குள்ளே சிவலிங்கம் ஒன்று தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1857-ல் சுனையை இறைத்து, ராமச்சந்திர தொண்டைமான் காலத்து அரச குடும்பம் கும்பிட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. சித்தன்னவாசல் மலைச் சுனையிலும் இதே மாதிரி ஒரு குடைவரை மூழ்கிக் கிடக்கிறது. (உடனே சிலிண்டரோடு மலை ஏறி விடாதீர்கள். அது கும்பிடுகிற இடம். குதிக்கிற இடம் இல்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதாப்பட்டினம் போனேன். வலை பின்னிக் கொண்டிருந்த ஒரு பெரியவர். இள வயசில் ராமேஸ்வரம் பக்கம் சங்கு குளிக்கப் போனவராம். விஷயத்தைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க எறங்கி என்னத்தப் பாக்கப் போறீய தம்பி? சேறும் பாசியும்தான் தெரியும்."

அவர் சொன்னது சரிதான். இது பாக் விரிகுடா. பெரும்பாலான இடங்களில் ஒரு தென்னை மர உயரம்தான் ஆழம். அடியில் சேறு. அதில் புல்வெளி மாதிரி கடல் புல். அந்தப் புல்லை மேய வருகிறதுதான் கடல் பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பசு போலவே குட்டிக்குப் பால் கொடுக்கிற ஜீவன். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இதற்கென்றே ஒதுக்கினார்கள். இந்தியாவிலேயே முதல் கடல் பசுப் பாதுகாப்பகம் நம்முடையது! பெருமைப்படலாம். ஆனால் கலங்கல் தண்ணீரில் இறங்கிக் கற்றுக் கொள்கிற இடம் இதுவல்ல.

கிளம்பும்போது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி தம்பி, ஒங்க கயித்த யாரு பிடிக்கிறா?"

முழித்தேன். அவரே விளக்கினார். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில், குளிக்கிறவன் காலுக்குக் கல் கொடுத்து, ஒரே மூச்சில் ஆழத்துக்குப் போவான். கயிற்றின் மறு நுனி படகில் ஓர் ஆள் கையில். கீழேயிருந்து சுண்டினால் தூக்க வேண்டும். ஒரு நொடி அசந்தால் ஆள் காலி. அதனால் பெண்டாட்டியின் உடன்பிறந்தானைத்தான் நிறுத்துவார்களாம். தன் அக்கா, தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றைக் கெட்டியாகப் பிடிப்பான் இல்லையா? "மச்சான் பிடிக்காத கயித்துல எறங்கக் கூடாது தம்பி!" என்று முடித்தார்.

தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆனால் அந்த மச்சான் இன்னும் இருக்கிறார். ஸ்கூபாவில் அவருக்குப் பெயர், 'பட்டி'. ஆட்டுப் பட்டி இல்லை ஸார்... பட்டி என்றால் கூட்டாளி. ஜோடி இல்லாமல் தண்ணீரில் இறங்காதே என்பதுதான் அங்கே முதல் பாடம்.

* * *

புதுச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் போய் நின்றேன். முதலில் ஒரு பாரம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று கேள்விகள். பெண் பார்க்கப் போன இடத்தில் கூட இத்தனை விசாரித்ததில்லை. உண்மையை எழுதுங்கள். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டர் சம்மதம் வேண்டும்.

சும்மா ஒரு தரம் எட்டிப் பார்க்க விரும்பினால், ஆசிரியர் கூடவே இருந்து பன்னிரண்டு மீட்டருக்குள் அழைத்துப் போகிற ஒரு நாள் அனுபவம் உண்டு. முறையாகக் கற்க 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ். பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. என்று உலகளாவிய அமைப்புகள் இதற்கு அட்டை தருகின்றன. (முதலாவதை எழுத்துக் கூட்டிப் படித்து, சென்னை பாடிக்கு பஸ் ஏறி விடாதீர்கள்.) மூன்று நாலு நாள் ஆகும். கொஞ்சம் பாடம், நீச்சல் குளத்தில் பயிற்சி, அப்புறம் கடலில் நாலு முங்கல். பாஸானால் பதினெட்டு மீட்டர் வரை போகலாம். செலவு? மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். தீபாவளி போனஸை ஒதுக்கி வையுங்கள்.

நான் சேர்ந்த கோர்ஸில் இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பத்து நிமிஷம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு இல்லை. எந்த ஸ்டைலாக இருந்தாலும் சரி. கடப்பாரை நீச்சல் மட்டும் செல்லாது. கிணற்று ஞாபகம் தொண்டையை அடைக்க, ஒரு வழியாகக் கரை சேர்ந்தேன்.

பாடத்தில் இரண்டே இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். அடக்கிக் கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். பயந்தவன் செய்கிற முதல் காரியம் மூச்சை அடக்கி மேலே பாய்வதுதான். அதனால்தான் பயத்துக்கே பயிற்சி தருகிறார்கள். இரண்டாவது, காது. கொடைக்கானல் பஸ்ஸில் காது அடைக்குமே, அதே சங்கதி. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் கொண்டே இறங்க வேண்டும். ஜலதோஷத்தோடு இறங்கவே கூடாது.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாதாரணக் காற்றுதான், அழுத்தி அடைத்தது. அதன் மீட்டரைப் பார்த்ததும் எனக்குச் சம்பள ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் இருநூறு காட்டும்: ஒண்ணாந்தேதி. மளமளவென்று இறங்கும். ஐம்பதைத் தொடும்போது நீங்கள் மேலே இருக்க வேண்டும். கைமாற்று வாங்க கடலடியில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. பட்டி! அவர் சிலிண்டரில் உங்களுக்கென்றே உபரியாக ஒரு வாய்க்குழாய் தொங்கும்.

எனக்கு அமைந்த பட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்து பேங்க் கேஷியர். ஐம்பத்திரண்டு வயசு. நான் எதிர்பார்த்தது சினிமாவில் வருகிற மாதிரி ஓர் இளவட்டத்தை. இவரோ கண்ணாடிக்கு உறை, உறைக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு வைத்திருக்கிறவர். இறங்குமுன் ஒருவர் சாமானை மற்றவர் சரி பார்க்க வேண்டும்: காற்றுச் சட்டை, எடை பெல்ட், கொக்கிகள், காற்று. இவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பார்.

"அதான் பாத்தாச்சே ஸார்..."

"கட்டைப் பிரிச்சு ரெண்டு தரம் எண்ணாம இதுவரைக்கும் யாருக்கும் பணம் குடுத்ததில்லை தம்பி."

சைகைகளிலும் கறார். தண்ணீருக்கடியில் கட்டை விரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை; 'மேலே போகலாம்' என்று அர்த்தம். முதல் நாள் அழகான மீனைப் பார்த்து நான் கட்டை விரலைத் தூக்க, மனிதர் சமர்த்தாக என்னை மேலே கூட்டிக் கொண்டு வந்து விட்டார்!

அட்டை வாங்கிய பின், மார்ச்சில் மறுபடி சேர்ந்து போனோம். பன்னிரண்டு மீட்டர். வழிகாட்டி முன்னால், நாங்கள் பின்னால். மஞ்சள் வரி போட்ட மீன் கூட்டம் ஒன்று ஒரே ஆளாகத் திரும்புகிறது, நிற்கிறது, மறுபடி திரும்புகிறது. மெய்ம்மறந்து கூடவே போய் விட்டேன். எத்தனை நேரமோ. திரும்பினால்... கேஷியர் இல்லை.

இடது, வலது, மேலே, கீழே. கலங்கலான பச்சை. என் மூச்சுக் குமிழிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கிணற்றுக்குள் அஞ்சாவது ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாடம் கை கொடுத்தது. ஜோடி தவறினால் ஒரு நிமிஷம் தேடு. கிடைக்கவில்லையா, மெதுவாக மேலே வா. அவரும் இதையே செய்வார். குமிழிகளை முந்தாமல், மூச்சை விட்டுக் கொண்டே ஏறினேன். அரை தென்னை மரத் தூரத்தில் கேஷியர் மிதந்து கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. குரல் மட்டும் நடுங்கியது.

"அறுபது எண்ணினேன் தம்பி. முழுசா எண்ணினேன். நாப்பதுக்கு மேல ஒவ்வொண்ணும் ரொம்ப நேரமாச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. என்னையும் ஒருத்தர் எண்ணிக் கொண்டிருந்தார் ஸார்!

* * *

எனவே, இந்த விளையாட்டில் இறங்க நினைக்கும் இளைஞர்களே! கோர்ஸுக்குத் தனியாகப் போகத் தயங்க வேண்டாம். கூடப் படிக்கிறவர்தான் முதல் பட்டி. ஒரே நிலையத்துக்கு மறுபடி மறுபடி போனால் முகம் பழகும். ஆள் கொண்டு வராவிட்டால் அவர்களே ஜோடி சேர்த்து விடுவார்கள். புது ஆளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எத்தனை முங்கல் ஆச்சு? காற்று சீக்கிரம் தீருமா? கேமரா உண்டா? (கேமராக்காரர் மீனைப் பார்ப்பார், உங்களைப் பார்க்க மாட்டார்.) எத்தனை ஆழம், எவ்வளவு நேரம், பிரிந்தால் என்ன செய்வது என்று படகிலேயே பேசி விடுங்கள். அவசரப்படுத்துகிறவரும், 'அதெல்லாம் பாத்துக்கலாம் மச்சி' என்கிறவரும் வேண்டாம். மனசு சரியில்லையா, யாரும் எப்போது வேண்டுமானாலும் 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லலாம். அதற்குக் காரணம் கேட்காதவர்தான் நல்ல பட்டி. இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் புதுவைக் கடலை நம்பி லீவு போடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் நேரே அந்த அஞ்சாவது ஆளைப் பார்க்கப் போனேன். அவன் பிற்பாடு என் தங்கையைக் கட்டிக் கொண்டு சொந்தமாகவே ஆகி விட்டான். கேஷியர் கதையை எல்லாம் சொல்லி, "மாப்ளே, நீயும் வாயேன். ரெண்டு பேரும் சேர்ந்து குதிப்போம்" என்றேன். முத்துக்குளிப்பு விஷயத்தையும் விளக்கினேன்.

கேட்டு விட்டு நிதானமாகச் சொன்னான்:

"அப்ப கணக்குப்படி என் கயித்த நீதான் பிடிக்கணும். நீதானே மச்சான்?"

"ஆமா."

"மொதல்ல அஞ்சு வரைக்கும் எண்ணிக் காட்டு."

எண்ணினேன். தங்கை காப்பி கொண்டு வந்து வைத்து விட்டு, "ரெண்டு தரம் எண்ணச் சொல்லுங்க" என்றாள்.