முண்டா நாட்டில் ஓராண்டு

ரயில்வே உத்தியோகத்தின் நிமித்தம் சக்ரதர்பூரில் வந்து குடியேறிய நாங்கள், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் வரையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை முண்டா மக்களின் கிராமங்களில் கழித்தோம். எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நான்கு சேர்ந்து ஒரு வாடகை ஜீப்பில் புறப்படுவது வழக்கம். அப்பிரயாணங்களில் கண்டதையும் கற்றதையும் எழுதுமாறு சங்கத்தார் கேட்டனர். எல்லாச் சமயத்தாரும் வாசிக்கும் இப்பத்திரிகையில் பிரசங்கம் செய்தல் முறையன்று என்பதை அறிவோம். ஆதலின் நாங்கள் பிறருக்குப் போதித்ததை விடுத்து, எங்களுக்குப் போதிக்கப்பட்டதை மட்டும் எழுதத் துணிந்தோம். அதில் எங்கள் குடும்பத்தின் வெட்கம் ஒன்றும் வெளிப்படும். வாசகர் பொறுத்தருள்க.

சக்ரதர்பூரினின்று ராஞ்சிக்குச் செல்லும் சாலை, சால மரக் காடுகளினூடே மலையேறி, பந்த்காவ், முர்ஹூ, குந்தி என்னும் ஊர்களின் வழியாகச் செல்கிறது. அவ்வழியில் இருப்புப்பாதை கிடையாது. பாஸ் வாங்கி ரயிலேறுவதே பிரயாணம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, ஜீப் நின்ற இடத்திலிருந்து வயல் வரப்பில் இரண்டு மணி நேரம் நடப்பது புதிய அனுபவமாயிருந்தது. முதல் மாதத்திலேயே இரண்டு ஜோடிச் செருப்புகளைச் சேற்றுக்குக் காணிக்கையாக்கினோம்.

நாங்கள் சென்ற ஊர்கள் எல்லாம் நான்கைந்து தலைமுறைகளாகச் சபையுள்ள ஊர்கள். புதிதாக எவரையும் மதம் மாற்றும் நோக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆராதனையில் கலந்துகொள்வோம், பாடுவோம், எங்களில் ஒருவர் சிறிது பேசுவார், பிள்ளைகளுக்குப் புத்தகமும் முதியோருக்கு மருந்தும் கொடுத்துத் திரும்புவோம்.

புறப்படுமுன் அந்நாட்டுச் சபையின் வரலாற்றை வாசித்துக்கொண்டோம். பெர்லின் நகரத்துக் கோஸ்னர் என்பவர் அனுப்பிய ஜெர்மானியர் நால்வர், 1845 நவம்பரில் ராஞ்சியை அடைந்தனர். ஐந்தாண்டுக் காலம் அவர்கள் சொல்லைக் கேட்டு ஞானஸ்நானம் பெற வந்தவர் ஒருவருமில்லை. 1850 ஜூன் 9-ஆம் நாளன்றுதான் ஓராவோன் இனத்தவர் நால்வர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றனர். எங்கள் முன்னோரின் சபையோ, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் காலத்தில் வேர்விட்டது. அவரும் ஜெர்மானியரே. ஆக, ஒரே நாட்டினர் நட்ட இரண்டு மரங்களில் எங்களது நூற்று முப்பத்தொன்பது ஆண்டு மூத்தது என்று கணக்கிட்டு, ஜீப்பில் ஒருவரோடொருவர் சொல்லி மகிழ்ந்தோம். மூத்தவன் இளையவனுக்குப் புத்தி சொல்லப் போகிறான் என்னும் மனநிலையே அன்று எங்களிடம் இருந்தது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அம்மக்களோ எங்கள் உபதேசத்துக்காகக் காத்திருந்தவர்கள் அல்லர். 1857-ஆம் ஆண்டுக் கலகத்தில் ஜெர்மானியர் ராஞ்சியை விட்டு ஓட நேர்ந்தபோதும், முதல் உலகப் போரில் அரசாங்கம் அவர்களை வெளியேற்றியபோதும், சபையைத் தாங்கி நின்றவர்கள் இந்தக் கிராமத்தாரே. 1919 ஜூலையில் அவர்கள் தங்கள் சபையைத் தன்னாட்சியுள்ள சபையாக அறிவித்தார்கள். போதகர் வருவார், போவார். சபை ஊராருடையது என்பது அங்குள்ள சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

எங்களை அவர்கள் வரவேற்ற விதத்தைச் சொல்ல வேண்டும். ஊர் எல்லையிலேயே இளைஞர் மாந்தர் என்னும் மத்தளத்தை முழக்கி எதிர்கொள்வர். வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு அமரச் செய்து, பித்தளைச் செம்பில் நீர் கொணர்ந்து எங்கள் கைகளைத் தாங்களே கழுவுவர். 'யேசு சஹாய்' என்று கைகூப்புவர். முதல் முறை போனபோது பழைய துணிகளைப் பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். அவர்கள் மறுக்காமல் வாங்கி ஒரு மூலையில் வைத்தார்கள். அடுத்த முறையும் மூட்டை அதே மூலையில், கட்டவிழாமல் இருந்தது. திரும்பும்போது அரிசியும் முட்டையும் எங்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். யார் யாருக்குக் கொடுக்க வந்தவர் என்று எங்களுக்கே ஐயம் உண்டாயிற்று. அதற்குப்பின் மூட்டை கட்டுவதை விட்டோம்.

எங்கள் ஹிந்திப் பேச்சை முண்டாரி மொழியில் பெயர்த்துச் சொன்னவர், அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியராக உள்ள ஓர் இளைஞர். நடக்கும் வழியெல்லாம் அவரே எங்களுக்கு ஆசான். பிர்சா முண்டா சிறுவனாயிருந்தபோது சாய்பாசாவில் உள்ள ஜெர்மானிய மிஷன் பள்ளியில் படித்தவர் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். அச்சிறுவன் பின்னர் சபையை விட்டு விலகித் தன் மக்களின் நிலத்துக்காகப் போராடினான். 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் எழுந்த கிளர்ச்சியில் தேவாலயங்களின் மேலும் அம்புகள் பாய்ந்தன. 1900 ஜூன் 9-இல் ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தான். சபையின் முதல் ஞானஸ்நானமும் அதே ஜூன் 9-ஆம் நாள் என்பதை ஆசிரியர் சொல்லிவிட்டுச் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். கிறிஸ்தவராகிய அவர், பிர்சாவைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "எங்கள் பெரியவர்கள் நிலத்தைப் பற்றி அழுதார்கள், வந்தவர்கள் பரலோகத்தைப் பற்றிப் பேசினார்கள்" என்று மட்டும் சொன்னார். பாதிரிமாரிலும் நிலத்துக்காக உழைத்தவர் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார்.

காட்டைத் திருத்திய முதற்குடியின் வழிவந்தோர் அனைவருக்கும் நிலம் பொதுவாக உரியது என்னும் 'குந்த்கட்டி' முறை அவர்களுடையது. 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டுள்ளது. இதைக் கேட்டபோது எங்களுள் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். காரணம் பின்னால் வரும்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் முர்ஹூவுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் பேசும் முறை எங்கள் குடும்பத்துக்கு வந்தது. காணிக்கை செலுத்த வந்தவன் முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்னும் இயேசுவின் போதனையை எடுத்துக்கொண்டோம். மனைவி பாட, கணவன் பேசினான். ஓட்டுக் கூரையின் மேல் மழை கொட்டியது. "நாம் நம் சகோதரனிடம் போகவேண்டும்" என்ற வாக்கியத்தில் ஆசிரியர் ஒரு கணம் நின்றார், பிறகு மொழிபெயர்த்தார்.

அந்தத் தயக்கத்தின் காரணத்தைத் திரும்பும் வழியில் கேட்டோம். ஹிந்தியில் 'ஹம்' என்பது ஒரே சொல். முண்டாரியில் கேட்பவரை விலக்கிச் சொல்வது 'அலே'. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது 'அபு'. நம் தமிழில் 'நாங்கள்', 'நாம்' என்று இருப்பது போலவே. நாங்கள் வியந்து இதைச் சொன்னபோது, அண்டையிலுள்ள ஓராவோன்களின் குடுக் மொழியில் 'நாம்' என்ற சொல்லே அதே பொருளில் வழங்குகிறது என்று அவர் சொன்னார். அது தமிழுக்கு உறவான மொழி. ஆயிரம் மைலுக்கு அப்பால் நம் சொல்லொன்றைக் காட்டில் கண்ட மகிழ்ச்சியில், அவர் 'அபு' என்றுதான் பெயர்த்தார் என்பதன் பொருளை அன்று நாங்கள் சிந்திக்கவில்லை.

பிரசங்கிமார் 'நாம்' என்று சொல்வது பெரும்பாலும் 'நீங்கள்' என்பதற்கு மரியாதையான மறுபெயர் அல்லவா?

அக்டோபரில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். ஆராதனை முடிந்ததும் ஒரு முதியவர் எங்கள் கட்டிலருகே வந்து அமர்ந்தார். ஓடைக்கு அப்பால் வாழும் தம் தம்பியோடு ஒரு பலா மரத்தின் பொருட்டு ஏழாண்டுகளாகப் பேச்சில்லை என்றும், எங்கள் பேச்சைக் கேட்ட மறுவாரம் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனதாகவும் சொன்னார். நாங்கள் மிகவும் மகிழ்ந்து கடவுளுக்கு நன்றி சொன்னோம். அவர் எங்கள் மகிழ்ச்சி அடங்கும்வரை காத்திருந்து, "நீங்கள் போய் வந்தீர்களா, பாபு?" என்று கேட்டார்.

எங்கே என்று கேட்டோம்.

"சகோதரனிடம். ஆசிரியர் 'அபு' என்றாரே. நீங்களும் போவதாகத்தானே சொன்னீர்கள்?"

எங்களுக்கு ஊரில் ஒரு தம்பி உண்டு. தந்தையார் காலமானபின் தாயார் ஒன்பதாண்டுகள் அவன் வீட்டில் இருந்தார். இறுதி மூன்றாண்டுகள் படுக்கையில். நாங்கள் மாதந்தோறும் பணம் அனுப்பினோம். எழுத்தர் உத்தியோகத்தின் பழக்கத்தால் அனுப்பியதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தோம். தாயார் வீட்டையும் அதன் பின்புறமுள்ள 12 சென்ட் நிலத்தையும் தம்பி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு 2019-இல் கண்ணை மூடினார். அடுத்த ஆண்டு நாங்கள் வழக்குத் தொடுத்தோம். எங்கள் வாதத்தின் சாரம், மூத்தவனுக்கும் பங்கு உண்டு என்பதே. குறிப்பேட்டின் நகலை வக்கீலிடம் கொடுத்திருந்தோம். அதன்பின் தம்பி மகளின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் போயிருக்க மாட்டோம்.

அந்த முதியவருக்கு என்ன பதில் சொல்வது? தமிழில் பேசியிருந்தால், 'நாம்' என்று சொல்லும் இடத்தில் எங்கள் நாக்கே ஒருவேளை தடுமாறியிருக்கும். ஹிந்தியின் 'ஹம்' எங்களுக்கு ஒளிந்துகொள்ள வசதியாயிருந்தது. "இன்னும் போகவில்லை" என்றோம். அவர் தலையசைத்தார், கடிந்துகொள்ளவில்லை. "ஊர் தூரம்" என்று எங்களுக்காக அவரே ஒரு காரணமும் சொன்னார்.

அன்றிரவு ஜீப்பில் எவரும் பாடவில்லை. வீட்டுக்கு வந்தபின் எங்களுள் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. வழக்கில் வெற்றி பெறும் தறுவாயில் விட்டுக்கொடுப்பது மடமை என்று கணவனும், பிள்ளைகளின் பங்கை இழக்கலாமா என்று மனைவியும், பிறகு அதையே மாற்றிக் கணவன் மனைவியின் வாதத்தையும் மனைவி கணவனின் வாதத்தையுமாகப் பேசினோம். மூன்று வாரம் கழிந்த ஒரு சனிக்கிழமை இரவு, மனைவியே தொலைபேசியை எடுத்துத் தம்பி மனைவியை அழைத்தாள். நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "அக்கா, பிள்ளைகள் சுகமா?" என்று குரல் வந்தது. அதற்குமேல் இருவராலும் பேச இயலவில்லை.

2024 ஜனவரியில் ஊருக்குச் சென்றோம். இனிதே எல்லாம் முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அவ்வாறன்று. தம்பி வாசலில் நின்று, எங்கள் பெட்டியைப் பார்த்து, "வாருங்கள்" என்றான். இலை போட்டார்கள். அவன் எங்களோடு உட்காரவில்லை. வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் அன்று காலை கையொப்பமிட்டு வந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் தூணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா இருக்கும்போது ஒருமுறை வந்திருக்கலாம், அண்ணா" என்றான். அந்த ஒன்பதாண்டுகளில் நாங்கள் ஊருக்கு வந்தது இரண்டே முறை. குறிப்பேட்டில் பணம் இருந்தது, அது இல்லை. இந்தச் சொல்லுக்கு எதிராக எந்த மனுவையும் போட முடியாது என்று உணர்ந்தோம்.

புறப்படும் காலையில் அவன் மகள் ஓடிவந்து, பனையோலைப் பெட்டி நிறையக் கருப்பட்டியை எங்கள் கையில் கொடுத்தாள். "அப்பா கொடுக்கச் சொன்னார்கள்" என்றாள். தம்பி கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்றான்.

ஏப்ரலில் அக்கருப்பட்டியில் பாதியை முர்ஹூவுக்கு அப்பாலுள்ள ஊருக்குக் கொண்டுபோனோம். இலுப்பையின் இனமாகிய மஹுவா மரங்கள் பூவை உதிர்க்கும் காலம் அது. பெண்களும் பிள்ளைகளும் விடியுமுன் கூடையோடு மரத்தடியில் பொறுக்குவர். ஊரெங்கும் முற்றங்களில் பூ உலர்ந்துகொண்டிருந்தது. முதியவரிடம் நடந்தவற்றைச் சொன்னோம். தம்பி சொன்ன சொல்லையும் மறைக்கவில்லை. ஆசிரியர் அதை மெதுவாகப் பெயர்த்தார். முதியவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கருப்பட்டியைக் கல்லில் உடைத்து ஒரு துண்டை வாயிலிட்டு, இது எந்த மரத்தினுடையது என்று கேட்டார். பனை என்றோம். மற்றத் துண்டுகளை அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்தார்; ஒரு துண்டைச் சால இலையில் மடித்து, ஓடைக்கு அப்பால் கொடுத்துவரும்படி ஒரு சிறுவனை அனுப்பினார்.

பிறகு உள்ளே சென்று, உலர்ந்த மஹுவாப் பூவை இரு கையளவு அள்ளி இலையில் பொட்டலமாகக் கட்டிக் கொணர்ந்தார். எங்களுக்கென்று எண்ணிக் கை நீட்டினோம். "உங்கள் தம்பிக்கு" என்றார்.

அந்தப் பொட்டலம் எங்கள் சமையலறைத் தட்டில், பூச்சி அண்டாதபடி ஒரு பால் பவுடர் டின்னில் இருக்கிறது. பாஸுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.