தும்பறைப் பாயும் தரையின் தண்மையும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் மலைகள் சூழ அமைந்தது கண்டி மாநகர். மார்கழி, தை மாதங்களில் அங்கு செல்வோர், விடியற்காலையில் தலதா மாளிகையின் கற்றரையிலே வெறுங்காலுடன் அடிவைத்ததும் உள்ளங்கால் சில்லிடக் காண்பர். தரையின் குளிர் காலில் ஏறுகின்றது என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையிலோ நமது பாதத்தின் வெப்பமே தரைக்குள் இறங்குகின்றது. கல்லும் தரையோடும் வெப்பத்தை விரைந்து கடத்துவன. ஆதலின் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் உள்ள மரப்பலகையைக் காட்டிலும் அவை குளிர்ந்தனவாகத் தோன்றுகின்றன.

இதற்கு மலைநாட்டார் கண்ட மாற்றை அறிய விரும்பி, மகாவலியைக் கடந்து குண்டசாலைப் பக்கமாக ஹேனவல கிராமத்துக்குச் சென்றோம். தும்பறைப் பாய் நெய்யப்படுவது இங்கேதான். மருள் இனச் செடியின் இலையைச் சீவி நார் எடுக்கின்றனர். பதிமுகக் கட்டையால் செந்நிறமும், மரமஞ்சளால் மஞ்சள் நிறமும் ஊட்டுகின்றனர். யானை, மான், நாகம் முதலிய உருவங்கள் விளங்கக் கைத்தறியில் நெய்கின்றனர். நார்களின் இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. பாயின் மேல் நிற்கும் கால் குளிராதிருப்பதன் காரணம் இதுவே.

வெப்பம் எதிர்த்திசையிற் செல்லும் வீடுகளும் உலகில் உண்டு. கொரிய நாட்டின் பழைய இல்லங்களில் அடுப்பின் சூடான புகையைத் தரைக்கற்களின் கீழே செலுத்தி அறையைச் சூடாக்கினர். அத்தரைமீது அவர்கள் ஒட்டியது எண்ணெய் ஊட்டிய தாள். தடித்த கம்பளம் விரித்திருந்தால் சூடு கீழேயே அடைபட்டிருக்கும். இன்று குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டுத் தரையைச் சூடாக்கும் மேலைநாட்டாரும் இதே காரணத்தால் ஓட்டையும் கல்லையும் விரும்புகின்றனர். ஆகவே, வெப்பம் எத்திசையிற் செல்கின்றது என்று அறிந்த பின்னரே தரைவிரிப்பைத் தெரிதல் வேண்டும்.

கண்டியில் இன்று எழும் வீடுகள் பலவற்றில் பளபளக்கும் ஓடுகளே பதிக்கப்படுகின்றன. அவை துடைக்க எளியன. பகல் வெயிலுக்கும் இதமானவை. ஆயினும் கீழிருந்து சூடேற்றும் ஏற்பாடு நம் வீடுகளில் இல்லை. மூட்டுவலியுடன் விடியலில் எழும் பாட்டியும், தரையில் தவழும் குழந்தையும் அத்தண்மையைத் தாங்க வேண்டியவராகின்றனர். ஓட்டைப் பெயர்க்க வேண்டுவதில்லை. கட்டிலருகே ஒரு நார்ப்பாய் போதும். அது வழுக்காதிருக்க அடியில் இறப்பர் விரிப்பொன்று இடுதல் நன்று.

தும்பறைப் பாய் நெய்யும் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அச்சிறப்பு மட்டும் நெசவாளர் வீட்டில் உலையேற்றாது. பாயை நாம் வாங்கி விரித்தால்தான் தறி ஓடும். நம் வீட்டு முதியோரின் காலும் குளிராது.